கையேடு ஒன்று சொல்ல, கட்டளை வேறொன்று செய்தால்

கணினிக்கு வேலையைத் தட்டெழுதிச் சொல்லும் கட்டளை வரியில் பழகத் தொடங்குகிற எவரும் சில வாரங்களுக்குள் இந்த இடத்தில் முட்டிக்கொள்வார்கள். கையேட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் தட்டுகிறார்கள். கருவி வேறு விடை தருகிறது, அல்லது 'அப்படி ஒரு தெரிவே இல்லை' என்று மறுத்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கிறது என்பதை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் பலமுறை பார்த்திருக்கிறேன். தாம் தட்டியதில்தான் பிழை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். பிறகு 'எனக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடுவார்கள்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வேகிறது. ஏனென்றால் பிள்ளை தட்டியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கையேடும் சரி, கருவியும் சரி. கையேடு பேசுவது ஒரு நிரலைப் பற்றி, திரையில் ஓடுவது இன்னொரு நிரல் என்பதுதான் சிக்கல். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். இது எப்படி நேர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். 'தெரிவு' என்று நான் சொல்வது, கட்டளைப் பெயருக்குப் பின் சிறுகோடு போட்டுத் தரும் எழுத்தையோ சொல்லையோ (ஆப்ஷன்). கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

பெயர் ஒன்று, நிரல் பல

மலையகத்தில் 'மேல் பிரிவு' இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உறையின்மேல் 'மேல் பிரிவு' என்று மட்டும் எழுதி அனுப்பினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? தோட்டத்தின் பெயரும் வேண்டும், ஊரும் வேண்டும். 'செட்' (sed), 'கட்' (cut), 'டேட்', 'எக்கோ' போன்ற கட்டளைப் பெயர்களும் இப்படித்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிரல் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. யுனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் சிறு கருவிகளைப் பின்னர் பலர் தனித்தனியே புதிதாக எழுதினார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிஎஸ்டி ஒரு கிளை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டம் மற்றொரு கிளை. இன்று மேக் கணினியில் இருப்பவை பெரும்பாலும் பிஎஸ்டி வழிக் கருவிகள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் நீண்டகாலமாக இருந்துவருபவை குனூ கருவிகள். ஆன்ட்ராய்டு கைபேசிக்குள் டோய்பாக்ஸ் என்னும் சிறு தொகுப்பு இருக்கிறது. எல்லோரும் ஒத்துப்போக வேண்டிய குறைந்தபட்ச விதிகளைப் போசிக்ஸ் என்னும் தரம் வகுத்திருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படி வளர்ந்தது. நாம் அதிகம் விரும்பிப் பயன்படுத்தும் தெரிவுகள் பலவும் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு கோப்பில் உள்ள சொல்லை மாற்றி அதே கோப்பில் சேமிக்க 'செட்' கட்டளைக்கு 'ஐ' என்னும் தெரிவு உண்டு. லினக்ஸில் 'செட்', அடுத்து 'ஐ' தெரிவு, அடுத்து மாற்றுவதற்கான சூத்திரம், கடைசியில் கோப்பின் பெயர் என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். இதையே மேக்கில் தட்டினால் 'பி கட்டளைக்குப் பின் மிகையான எழுத்துகள் உள்ளன' என்பதுபோல ஒரு பிழைச்செய்தி வரக்கூடும். நாம் 'பி' என்று எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லையே என்று விழிப்போம்.

நடந்தது இதுதான். குனூ செட்டில் 'ஐ' தெரிவுக்குப் பின் எதுவும் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பிஎஸ்டி செட்டோ, பழைய கோப்பைக் காப்புப்படியாக வைக்க ஒரு பின்னொட்டைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. ஆகவே நம்முடைய சூத்திரத்தைப் பின்னொட்டு என்று எடுத்துக்கொள்கிறது. சூத்திரத்தின் இடம் காலியாகிவிட்டதால் அடுத்து நிற்கும் கோப்பின் பெயரைச் சூத்திரமாகப் படிக்கிறது. கோப்பின் பெயர் ஆங்கில 'பி' (p) எழுத்தில் தொடங்கியிருந்தால், செட்டில் 'பி' என்பது 'அச்சிடு' என்னும் கட்டளை என்பதால், மீதி எழுத்துகள் மிகை என்று முறையிடுகிறது. பெயர் வேறு எழுத்தில் தொடங்கினால் முறையீடும் வேறாகிவிடும். பிழைச்செய்தி எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒழுங்கான ஒரு காரணம் இருக்கும். அதை ஒரு தடவை கண்டுகொண்டவர்களுக்குப் பிழைச்செய்தியைப் பற்றிய பயம் போய்விடும்.

'டேட்' கட்டளையிலும் இதே கதைதான். 'நேற்று' என்று ஆங்கிலத்தில் எழுதி நேற்றைய திகதியைக் கேட்கும் 'டி' தெரிவு குனூவுக்கு உரியது. மேக்கில் அதே வேலைக்கு 'வி' தெரிவு.

விண்டோஸில் ஒளிந்திருக்கும் பெயர்

நம் பாடசாலைக் கணினி அறைகளில் பெரும்பாலும் விண்டோஸ்தான் இருக்கிறது. ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும். இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் 'கர்ல்' என்னும் கருவியைப் பற்றி ஏராளமான பாடங்கள் உள்ளன. விண்டோஸின் கட்டளை வரி நிரலான பவர்ஷெல் 5.1இல் அந்தப் பாடத்தில் உள்ளபடி தட்டினால் தெரிவுகள் பலவும் செல்லாது. அங்கே 'கர்ல்' என்பது உண்மையான கர்ல் அல்ல. 'இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட்' என்னும் வேறொரு கட்டளைக்குச் சூட்டப்பட்ட மாற்றுப்பெயர். உண்மையான கர்ல், விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து கணினியிலேயே இருக்கிறது. ஆனால் மாற்றுப்பெயர் முந்திக்கொள்கிறது. பெயருக்குப் பின் புள்ளி வைத்து 'எக்ஸே' என்னும் ஒட்டையும் சேர்த்து முழுப் பெயராகத் தட்டினால் உண்மையான கருவி வரும். பவர்ஷெல் 6இலிருந்து இந்த மாற்றுப்பெயரை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் விண்டோஸுடன் கூடவே வருவது இன்றும் 5.1தான். புதியதை நாமாக நிறுவ வேண்டும்.

ஷெல்லின் சொந்தச் சரக்கு

கட்டளை தட்டும் முனையத்தைத் (டெர்மினல்) திறந்தால் நம்முடன் பேசுவது ஷெல் என்னும் நிரல். நாம் தட்டும் ஒவ்வொரு சொல்லையும் அதுதான் முதலில் பார்க்கிறது. சில கட்டளைகளை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 'எக்கோ' அப்படி ஒன்று. வட்டில் 'எக்கோ' என்ற பெயரில் தனி நிரலும் இருக்கிறது. 'மேன்' கட்டளை கொடுத்து எக்கோவின் கையேட்டைப் படித்தால் வட்டில் உள்ள நிரலின் விளக்கம் கிடைக்கும். ஆனால் ஓடுவது ஷெல்லுக்குள் இருக்கும் எக்கோ. அந்தக் கையேட்டைக் கடைசிவரை படித்தால், 'உங்கள் ஷெல்லுக்குச் சொந்தமாக ஒரு எக்கோ இருக்கலாம், அது இதை முந்திக்கொள்ளும்' என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது. அவ்வளவு தூரம் யாரும் படிப்பதில்லை.

இதனால் வரும் தொல்லை சிறியதல்ல. உபுண்டு 6.10 பதிப்பில், அதாவது 2006இல், 'எஸ்எச்' என்று அழைக்கப்படும் பொது ஷெல்லை 'பேஷ்' என்பதிலிருந்து 'டாஷ்' என்பதற்கு மாற்றினார்கள். டாஷ் வேகமானது என்பதே காரணம். முனையத்தில் நாம் பயன்படுத்துவது இன்றும் பேஷ். ஆனால் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பை, அதாவது ஸ்கிரிப்டை, 'எஸ்எச்' என்று தலைவரியிட்டிருந்தால் ஓட்டுவது டாஷ். பேஷின் எக்கோவுக்கு 'இ' தெரிவு கொடுத்தால் பின்சாய்வுக் குறிகளைப் புதுவரியாகவும் தத்தலாகவும் (டேப்) மாற்றும். டாஷின் எக்கோவுக்கு அந்தத் தெரிவே தெரியாது. அதையும் ஓர் உரையாகக் கருதி அப்படியே அச்சிட்டுவிடும். முனையத்தில் ஒழுங்காக ஓடிய வரி ஸ்கிரிப்டுக்குள் போனதும் குழம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எக்கோவை விட்டுவிட்டு 'பிரின்ட்எஃப்' பழகுங்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

நேரத்தை அளக்கும் 'டைம்' கட்டளையும் இதே வகை. கையேட்டில் உள்ள 'வி' தெரிவைப் பேஷில் தட்டினால், 'வி' என்று ஒரு கட்டளை கிடைக்கவில்லை என்று பதில் வரும். டைம் என்ற சொல்லைப் பேஷ் தனக்குரியதாக எடுத்துக்கொண்டு, அடுத்து நிற்பதை ஒரு கட்டளையாக ஓட்டப் பார்க்கிறது.

ஆண்டு மாறினால் கருவியும் மாறும்

பதிப்பு வேறுபாட்டை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் ஊகிக்கக் கூடியதுதான். ஆனால் அதன் அளவைப் பலர் உணர்வதில்லை. மேக் கணினியுடன் வரும் பேஷ் இன்றும் 3.2 பதிப்பு. உரிமம் காரணமாக அதற்குப் பின் வந்தவற்றை ஆப்பிள் சேர்க்கவில்லை. 2009இல் வந்த நான்காம் பதிப்பின் வசதியை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. நம் பக்கம் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். இணையத்தில் முதலில் கிடைக்கும் கையேடு பெரும்பாலும் ஆகப் புதிய பதிப்பினுடையது. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம் இருக்கக்கூடும்.

ஆகவே கணினியுடன் வந்த 'மேன்' பக்கத்தையே முதலில் படியுங்கள். பெரும்பாலும் கருவியை நிறுவும் தொகுப்பிலேயே அதுவும் வருவதால் பதிப்பு பொருந்தும். டேட்டாவும் செலவாகாது. மழைக்காலத்தில் சிக்னல் அறுந்து போனாலும் கையேடு கையிலேயே இருக்கும்.

தமிழ் எழுத்தை எண்ணும் கருவிகள்

இந்தப் பகுதியில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஆங்கிலப் பாடங்களில் இது பெரும்பாலும் வராது, நமக்கோ அன்றாடம் வரும்.

கருவிகள் தம்மைச் சுற்றியுள்ள சூழலைப் பார்த்தும் நடந்துகொள்ளும். சூழல் மாறிகள் என்று சில அமைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று மொழி, நாடு, எழுத்துமுறை ஆகியவற்றைச் சொல்வது. 'மலையகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ம, லை, ய, க, ம் என ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் லை என்பது லகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். ம் என்பது மகரமும் புள்ளியுமாக இரண்டு. ஆக ஏழு குறியெண்கள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு எடுக்கும். ஆக 21 பைட்டுகள். இந்தச் சொல்லை எக்கோ வழியாக எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளைக்கு அனுப்பி, பைட்டுகளை எண்ணும் 'சி' தெரிவில் கேட்டால் 22 என்று வரும். கடைசிப் புதுவரிக்கு ஒன்று கூடுகிறது. எழுத்துகளை எண்ணும் 'எம்' தெரிவில் கேட்டால் 8 வரும். சூழலின் மொழி அமைப்பை 'சி' என்னும் அடிப்படை அமைப்புக்கு மாற்றிவிட்டு அதே 'எம்' தெரிவைக் கேட்டால் குனூ கருவி மறுபடியும் 22 என்கிறது. கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எதை எழுத்து என்று எண்ணுவது என்பதைச் சூழல் தீர்மானித்துவிட்டது.

வரிசைப்படுத்தும் 'சோர்ட்' கட்டளையும் இப்படியே. பலாங்கொடை, பன்வில என்ற இரண்டு ஊர்களில் எது முன்? தமிழ் அகராதியில் னகரம் மெய் வரிசையின் கடைசி, ஆகவே பலாங்கொடைதான் முன். யூனிகோடுப் பட்டியலிலோ னகரத்தை நகரத்துக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள். அடிப்படை அமைப்பில் சோர்ட் வெறும் குறியெண்ணைத்தான் பார்க்கும் என்பதால் பன்வில முந்திவிடும். ஜெயந்தி என்ற பிள்ளையின் பெயர் ஒரு கணினியில் ஞானத்துக்கு முன்னும், இன்னொரு கணினியில் பட்டியலின் கடைசியிலும் வருவதற்கும் இதுவே காரணம். சோர்ட்டின் கையேட்டில் மொழி அமைப்பு வரிசையைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. பிறர் கணினியிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் மொழி அமைப்பை அதற்குள்ளேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

இப்போது 'கட்' கட்டளைக்கு வருவோம். இதில் குற்றம் கையேட்டின் பக்கமும் இருக்கிறது. ஒரு வரியிலிருந்து வேண்டிய பகுதியை அது வெட்டித் தரும். 'பி' (b) தெரிவு பைட்டுகளை எண்ணி வெட்டும். 'சி' தெரிவு எழுத்துகளை எண்ணி வெட்டும் என்று 'மேன்' பக்கம் சொல்கிறது. உபுண்டு 24.04இல் 'மலையகம்' என்ற சொல்லை அனுப்பி, 'சி' தெரிவில் ஒன்று முதல் மூன்று வரை கேட்டுப் பாருங்கள். 'ம' மட்டும் வரும். யூடிஎஃப்-8 அமைப்பில் உள்ள மேக்கில் அதையே கேட்டால் 'மலை' வரும். உபுண்டுவில் ஒன்றே ஒன்று கேட்டால் ஒரு பைட்டு மட்டும் வந்து, சிதைந்த குறி ஒன்று திரையில் நிற்கும்.

உபுண்டு 24.04இல் உள்ள குனூ கட் எழுத்துகளை எண்ணுவதே இல்லை, பைட்டுகளைத்தான் எண்ணுகிறது. குனூவின் 'இன்ஃபோ' என்னும் விரிவான கையேட்டில், 'சி' தெரிவு இப்போதைக்கு 'பி' தெரிவைப் போன்றதே, பன்மொழி ஆதரவு வரும்போது இது மாறும் என்று நெடுங்காலமாக எழுதி வைத்திருந்தார்கள். சுருக்கமான 'மேன்' பக்கத்தில் அந்த ஒப்புதல் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றுக்குப் பைட்டு ஒன்று என்பதால் அங்கே யாருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிற நமக்கு முதல் முயற்சியிலேயே தெரிந்துவிடும். பெயர்ப்பட்டியலில் முதல் எழுத்தை எடுக்கப் பார்த்து, குப்பை வந்தது கண்டு தன்னையே நொந்துகொள்ளும் மாணவி உண்மையில் ஒரு குறையைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவளிடம் அதைச் சொல்ல வேண்டும்.

கையேடு சரியாக இருந்து கருவி தவறியதற்கும் அண்மை எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10, குனூ கருவிகளுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட தொகுப்பைச் சேர்த்தது. அதில் 'டேட்' கட்டளையின் 'ஆர்' தெரிவு, ஒரு கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைச் சொல்ல வேண்டியது. அது கோப்பைப் பார்க்காமல் தற்போதைய நேரத்தையே கொடுத்தது. பிழைச்செய்தியும் இல்லை. அதை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்பு, 'இப்போதுதானே பார்த்தோம்' என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டது. பிறகு திருத்திவிட்டார்கள். தெரிவை மறுக்கும் கருவி பரவாயில்லை. ஏற்றுக்கொண்டு வேறொன்றைச் செய்யும் கருவிதான் ஆபத்து.

எங்கே தொடங்குவது

முதலில், எது ஓடுகிறது என்று கேளுங்கள். பேஷில் 'டைப்' கட்டளையை 'ஏ' தெரிவுடன் கொடுத்து, சந்தேகப்படும் பெயரை எழுதினால், அந்தப் பெயரில் உள்ள எல்லாவற்றையும் முந்தும் ஒழுங்கில் காட்டும்: மாற்றுப்பெயர், ஷெல்லின் உள்கட்டளை, வட்டில் உள்ள நிரல்கள். பவர்ஷெல்லில் 'கெட்-கமாண்ட்' கட்டளையை 'ஆல்' தெரிவுடன் கொடுத்தால் இதே வேலையைச் செய்யும். உள்கட்டளை என்று தெரிந்தால், 'மேன்' வேண்டாம், பேஷின் 'ஹெல்ப்' கட்டளைதான் அதற்குரிய கையேடு. பேஷில் மாற்றுப்பெயர் என்று தெரிந்தால், பெயருக்கு முன் ஒரு பின்சாய்வு போட்டுத் தட்டுங்கள், மாற்றுப்பெயர் விலகிவிடும்.

அடுத்து பதிப்பு. பெரும்பாலான குனூ கருவிகள் 'வெர்ஷன்' தெரிவுக்குப் பதில் சொல்லும். மேக்கின் செட் போன்ற கருவிகள் அதையே தெரியாத தெரிவு என்று மறுக்கும். அந்த மறுப்பும் ஒரு தகவல்தான், நீங்கள் குனூவிடம் பேசவில்லை என்று தெரிந்துவிட்டது. புதிய பதிப்பை நிறுவிய பிறகும் பழையதே ஓடுவதாகத் தோன்றினால், பேஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கக்கூடும். 'ஹேஷ்' கட்டளையை 'ஆர்' தெரிவுடன் கொடுத்தால் அது மறந்துவிடும்.

இவை இரண்டும் தெளிந்தும் புதிர் தீரவில்லை என்றால் சூழலைச் சந்தேகியுங்கள். 'லொக்கேல்' கட்டளை மொழி அமைப்பைக் காட்டும். கர்ல் போன்ற சில கருவிகள் வீட்டு அடைவில் உள்ள அமைப்புக் கோப்பைச் சத்தமில்லாமல் படித்துவிடும், அதையும் திறந்து பாருங்கள். வெளியீடு திரைக்குப் போகிறதா, இன்னொரு கட்டளைக்குப் போகிறதா என்பதைப் பார்த்தும் சில கருவிகள் மாறும். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் குனூ 'எல்எஸ்', 2016இல் வந்த 8.25 பதிப்பிலிருந்து, இடைவெளி உள்ள பெயர்களைத் திரையில் மேற்கோள் குறிக்குள் காட்டுகிறது. குழாய் வழியே அனுப்பினால் குறிகள் இருக்காது. கோப்பின் பெயரே மாறிவிட்டது என்று அப்போது பதறியவர்கள் பலர்.

சோதிக்கும்போது பெரிய கோப்பை வைத்து மல்லுக்கட்டாதீர்கள். ஆயிரம் பெயர் உள்ள பட்டியலில் தெரியாத குறை ஒரே சொல்லில் பளிச்சென்று தெரியும். மேலே 'மலையகம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கட்டளைகளின் உள்ளே பார்க்க முடிந்தது அதனால்தான்.

எல்லாம் பார்த்தும் கையேட்டுக்கும் கருவிக்கும் இடையே வேறுபாடு நிற்கிறது என்றால், அதை ஆக்கியவர்களுக்கு எழுதுங்கள். எழுதுவது பெரிய கட்டுரையாக இருக்க வேண்டியதில்லை. தட்டிய கட்டளை, கொடுத்த உள்ளீடு, வந்த விடை, கையேட்டின்படி வந்திருக்க வேண்டிய விடை, கருவியின் பதிப்பு, இயங்குதளம், மொழி அமைப்பு. இவை இருந்தால் போதும், ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் புரிந்துகொள்வார்கள். குனூ கருவி என்றால், 'மேன்' பக்கத்தின் கீழ்ப்பகுதியிலோ 'ஹெல்ப்' தெரிவின் கடைசி வரிகளிலோ எங்கே அறிவிப்பது என்று இருக்கும். உபுண்டுவில் 'உபுண்டு-பக்' கட்டளைக்குத் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் பதிப்பு விவரங்களை அதுவே திரட்டித் தரும். கையேட்டில் ஒரு வரியைத் திருத்தச் சொல்வதும் முறையான அறிவிப்புதான். அனுப்பும்போது உள்ளீடாக ஒரு தமிழ்ச் சொல்லையே வையுங்கள். எழுத்து ஒன்றுக்குப் பைட்டு ஒன்று என்று பழகியவர்களின் சோதனைகளில் அப்படி ஒரு சொல் இருந்திருக்காது.